மறக்கத் தெரிந்த மென்பொருள்

சொந்தமாக வீடு வாங்குகிறவர்கள்கூட இத்தனை அலசிப் பார்க்க மாட்டார்கள். திரைக்கதை எழுத எந்த மென்பொருள் நல்லது என்று சின்னவள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். பல் துலக்கியதோடு சரி, வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. மேசையில் வைத்த தேநீர் ஆடை கட்டிப்போய்க் கிடந்தது.

கடைசியில் மூன்று தேறின. முதலாவது, தொழிலில் இருக்கும் எல்லோரும் வைத்திருப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டும். காட்சித் தலைப்பு, பாத்திரத்தின் பெயர், வசனம் எல்லாம் அதனதன் இடத்தில் தானாகப் போய் உட்காரும். எழுதியதையும் அழித்ததையும் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்து நீட்டும். இரண்டாவது இணையத்தில் இருப்பது. நாலு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதலாம். ஒரு வார்த்தைக்கு நாம் தடுமாறுவதை அடுத்தவர் தன் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். மூன்றாவது இலவசம். வெறும் எழுத்து, அவ்வளவுதான். நேற்று என்ன எழுதினோம் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும்.

விமர்சனம் எழுதிய புண்ணியவான்கள் முதலாவதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார்கள். எதையுமே மறக்காதாம். மூன்றாவதைக் கழுவிக் கழுவி ஊற்றியிருந்தார்கள். எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்ளாதாம். சின்னவள் அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மூன்றாவதை இறக்கிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது மறக்கிற ஒன்று. அதுவும் நாளை மதியத்துக்குள் வேண்டும்.

எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. இவளுடைய கிறுக்கு, முதல் பிரதியில் யாருக்கும் புதுப்பெயர் வைக்க வராது. தெரிந்த மனிதர்களை அப்படியே போட்டுத்தான் எழுதுவாள். அந்த ஆளின் குரல் காதில் விழுந்தால்தான் வசனம் வரும் என்பாள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, இன்னாரைத் தேடு, இன்னாரைப் போடு என்று ஒரே அமுக்கில் பெயர்களை மாற்றிவிடுவாள். இப்படி ஒரு குறும்படத்தில் தன் வீட்டு ஓனரைக் கொலையே செய்திருக்கிறாள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, பலமாகக் கைதட்டிவிட்டு, மறுநாள் வந்து தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்தார்.

ஆனால் இந்தத் திரைக்கதையின் முதல் பிரதியில் இருந்தது வீட்டு ஓனர் அல்ல. அக்கா. அத்தான். அத்தானின் பார்ட்னர்.

அக்கா அதை அவளிடம் சொன்னது ஒரு மத்தியானம், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அவர் தள்ளலடி. அது சத்தியம். மழை பெஞ்சிருந்துது, பார்ட்னர் பின்படிக்கட்டுல வழுக்கித்தான் விழுந்தாரு. நான் சமையலறை ஜன்னல்லருந்து பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இவர் மேல்படியில நின்னாரு. கீழ அந்த மனுஷனோட கை அசைஞ்சுக்கிட்டே இருந்துது. இவர் ஒரு சிகரெட்டை எடுத்துப் பத்தவச்சாரு. அவசரமே படல. முழுசா குடிச்சாரு. சிகரெட் துண்டை அணைச்சுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. சுத்திக்கிட்டு முன்வாசல் வழியா உள்ள வந்து, டீ போடும்மான்னாரு."

"நீ என்ன பண்ணே?"

"போட்டேன்."

காவலாளிதான் பிறகு பார்த்துக் கூச்சல் போட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கம்பெனி முழுக்க அத்தானுக்கு வந்தது. பார்ட்னரின் குடும்பத்துக்கு ஓடி ஓடி எல்லாம் செய்தவரும் அத்தான்தான். அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டார். என்ன மனக்கட்டுப்பாடு என்று ஊரே மெச்சியது.

"நான் பாத்தது அவருக்குத் தெரியாது. அது தெரியாத வரைக்கும்தான் நான் அந்த வீட்டுல நிம்மதியா இருக்க முடியும்."

"தெரிஞ்சா அடிப்பாரா?"

அக்கா துண்டை நான்காக மடித்து அடுக்கில் வைத்தாள். "அவர் கோபப்பட்டு நான் பாத்ததே இல்ல. அதான் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் சின்னவள்.

சொல்லவில்லைதான். எழுதினாள். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி: சொல்வது வேறு, எழுதுவது வேறு என்று தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். சின்னவளும் தூங்கினாள். அக்கா சொன்னது தொண்டையில் முள்ளாக நின்றது, எழுதினால்தான் இறங்கும் என்று நினைத்தாள். அது பொய்யும் அல்ல. ஆனால் எழுதும்போது கை பரபரத்ததே, இது நல்ல கதை என்று உள்ளுக்குள் ஒன்று குதித்ததே, அதை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு மாற்றினாள். அடையாளமே தெரியாதபடி மாற்றினாள். அத்தான், மகளிர் விடுதி ஒன்றின் வார்டனம்மா ஆனார். பின்படிக்கட்டு, நீச்சல் குளமானது. பார்ட்னர், விடுதியின் கணக்குகளைக் கேள்வி கேட்கிற ஒரு பெண் ஆனார். சிகரெட்டுக்குப் பதில் கம்பளி நூல். தண்ணீரில் அந்தப் பெண் தத்தளிக்கும்போது வார்டனம்மா பின்னிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். உடை மாற்றும் அறையின் கதவிடுக்கு வழியாக, தரை துடைக்கும் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நூல் காட்சியைப் படித்துவிட்டுத்தான் இயக்குநர் படம் பண்ணுவதென்று முடிவெடுத்தார். அவருக்குத் தொழிலில் அவசரம் என்று பட்டப்பெயர். வாய்க்குள் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த வாய்க்குக் கை போகிற ஆள். கதையைவிட அவரை அதிகம் மகிழ்வித்தது சின்னவள் அனுப்பிய ஃபைல்தான். அந்த விலையுயர்ந்த மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறி ஓடும். சின்னவள் மாய்ந்து மாய்ந்து அதைச் சரிசெய்திருந்தாள். அந்த ஒரு ஃபைலில் மட்டும் எழுத்துகள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தன.

"ரைட்டர், நீங்க தெய்வம்!" என்று அவசரம் போனில் கத்தினார். "இனிமே நம்ம ஆபீஸ்ல யார் எழுதினாலும் இந்த ஃபைலுக்குள்ளதான் எழுதணும்னு சொல்லிட்டேன்."

அந்த மடிக்கணினியையும் மென்பொருளையும் சின்னவளுக்கு வாங்கிக் கொடுத்தது அத்தான்தான். எது நல்லது என்று நாலு பேரிடம் விசாரித்து, இருப்பதிலேயே உயர்ந்ததாக வாங்கித் தந்தார். எதிலும் குறை வைக்கிற மனிதர் அல்ல.

முந்தாநாள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பாடு முடிந்து அத்தான் ஆரஞ்சுப் பழம் உரித்தார். அவர் உரித்தால் தோல் எங்குமே அறாது. ஒரே சுருளாக வரும். உரித்து முடிக்கும்வரை பேச மாட்டார். பேச்சுக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

"சின்னு, உனக்கு ஒரு விஷயம் வச்சிருக்கேன்" என்றார் சுருளைத் தட்டில் வைத்துவிட்டு. "உன் படத்துக்குப் பணம் போடற ஆள் பின்வாங்கிட்டாராமே. உன் டைரக்டர் என்னைத் தேடிக்கிட்டு வந்தாரு. நான் போடறேன்னு சொல்லிட்டேன்."

சின்னவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அதை ஆனந்தம் என்று அக்கா நினைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எதுக்கு அத்தான் உங்களுக்குச் சிரமம்? படத்துல போட்டா திரும்பி வராது."

"வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். எனக்கென்ன அவசரம்?" ஒரு சுளையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "ஆனா கதையை முழுசா கேக்கணும். நீ எனக்குச் சொன்னதே இல்லியே. வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ்ல படிக்கச் சொல்லியிருக்கேன்."

அக்கா சமையலறைக்கு எழுந்து போனாள். அங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்த ஜன்னலுக்கு இப்போது பூப்போட்ட திரை போட்டிருந்தாள். சின்னவள் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். அது எப்படி உள்ளே இறங்கியது என்றே தெரியவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். என்ன காரணம் சொல்வது? கல்லூரிக்குப் பணம் கட்டியவர், கணினி வாங்கித் தந்தவர், படம் எடுக்கிறேன் என்று வருகிறார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். அவருடைய காத்திருப்பைத் தாங்குகிற சக்தி அவளுக்கு இல்லை. அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. எழுதிவிட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

ஆகவே அவள் தடயங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். பழைய மென்பொருளில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். அந்த மறதிக்கார இலவச மென்பொருளில் புதிதாகத் திறந்து, கதையை வெறும் எழுத்தாக அதற்குள் கொட்டினாள். அக்கா என்று தேடினாள், இல்லை. அத்தான் என்று தேடினாள், இல்லை. படிக்கட்டு, சிகரெட், ஜன்னல், எதுவும் இல்லை. கடைசியாக, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தரை துடைக்கும் பெண்ணையும் தூக்கிவிட்டாள். இப்போது வார்டனம்மாவை யாருமே பார்க்கவில்லை. புது ஃபைலை அவசரத்துக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுடுங்க சார். அதுல ஏகப்பட்ட தப்பு."

"தூக்கியாச்சு ரைட்டர், தூக்கியாச்சு!"

அன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் பசித்தது. சரியான மென்பொருளைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம். அலுவலகம் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நீளமான மேசை, சுவரை மறைக்கும் வெள்ளைத் திரை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஒடுக்கமான பால்கனி. குளிர்சாதனப் பெட்டி ஒழுகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அத்தான் முன்பே வந்து மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேநீரைக் குடிக்காமல், ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரம் திரைக்கதையைச் சுவரில் பெரிதாகப் போட்டார். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுத்துகள் அழகாக உட்கார்ந்திருந்தன. அவளுடைய இலவச மென்பொருளில் இத்தனை அழகாகத் தெரியாதே என்று ஒரு கணம் உறுத்தியது.

"இது நான் அனுப்பினதுதானே சார்?"

"நீங்க அனுப்பினதேதான். அந்த ஓசிச் சரக்குல பாத்தா கண்ணு வலிக்குது ரைட்டர். அதான் உங்க பழைய ஃபைலைத் திறந்து, உள்ள இருந்ததை மொத்தமா அழிச்சுட்டு, புதுசைக் கொண்டுவந்து ஒட்டிட்டேன். பாத்திரம் பழசு, பண்டம் புதுசு!" என்று தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார்.

பழைய பாத்திரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது என்று சின்னவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உள்ளே இருந்ததைத்தான் அழித்துவிட்டாரே. படிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை அவளை இழுத்துக்கொண்டது. நூல் காட்சி வந்தபோது அறையில் வாளியில் சொட்டுவது மட்டும் கேட்டது. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். அத்தான் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கே சின்னு. நிஜமா நல்லாருக்கு. அந்த அம்மா வரிசையை முடிக்கிறா பாரு, அது பெரிய விஷயம்." கைகளைக் கோத்துக்கொண்டார். "ஒரே ஒரு சந்தேகம். அவ உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கறதை யாருமே பாக்கலியா?"

"இல்ல அத்தான். யாரும் பாக்கல."

"பழசுல ஒரு பொண்ணு பாக்கும் சார்!" என்று அவசரம் குறுக்கே விழுந்தார். "ரைட்டர் ஏன் எடுத்தாங்கன்னு தெரியல. படத்துக்கு உசுரே அதான்."

"நானும் அதான் நினைச்சேன்" என்றார் அத்தான். "யாராவது பாத்திருந்தா நல்லாருக்கும்."

"இப்பவே போட்டுடலாம்!" அவசரம் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் வீட்டுல போய் எழுதி அனுப்பறேன் சார்."

"எதுக்கு? ஒரு சின்ன அறை, கதவிடுக்கு, அவ்வளவுதானே."

புதுக் காட்சித் தலைப்புக்கான பொத்தானை அமுக்கினார். அறை என்று அடிக்க, அகரத்தைத் தட்டினார்.

அந்த உயர்ந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. முதல் எழுத்தை அடித்தாலே, அந்த ஃபைலில் முன்பு எப்போதோ எழுதிய பெயர்களையும் இடங்களையும் எடுத்து நீட்டும். கை வலிக்காமல் இருக்கட்டும் என்கிற கரிசனம். சின்னவளுக்கு அது எரிச்சல். வாங்கிய புதிதிலேயே தன் கணினியில் அதை நிறுத்திவைத்தாள்; பிறகு அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அது மறக்கவில்லை. கதையை அழித்தாலும் பெயர்கள் ஃபைலின் அடியில் அப்படியே படிந்திருந்தன. அவசரத்தின் கணினியில் அந்த வசதி விழித்துக்கொண்டுதான் இருந்தது.

சுவரில், ஆள் உயரத்துக்கு, வரிசையாக விழுந்தது:

அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல்
அக்கா வீட்டுப் பின்படிக்கட்டு

"இது என்ன பழைய குப்பை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவசரம் அதைத் தாண்டிப் போனார். காட்சித் தலைப்பை அடித்து முடித்தார். அடுத்து பாத்திரத்தின் பெயர். அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் மறுபடி அகரத்தைத் தட்டினார்.

அக்கா
அத்தான்
அத்தானின் பார்ட்னர்

"ஆஹா!" அவசரம் வாய்விட்டுச் சிரித்தார். "குடும்பத்தையே உள்ள இறக்கியிருக்கீங்களே ரைட்டர்! சார், நீங்களும் இருக்கீங்க பாருங்க!"

சின்னவள் சிரிக்க முயன்றாள். "சும்மா... முதல்ல எழுதும்போது பேருக்காக ஏதாவது போடறதுதான். அர்த்தம் ஒண்ணும் இல்ல."

அத்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தார். கண் போவது தெரிந்தது. பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். அவசரம் சிரித்து ஓய்ந்து, ஏன் யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்ககிட்ட சிகரெட் இருக்கா?" என்றார் அத்தான்.

"இருக்கு சார். ஆனா நீங்க பிடிக்க மாட்டீங்கன்னு..."

"விட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ஒண்ணு பிடிக்கலாம்னு தோணுது."

தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து பால்கனிக்குப் போனார். கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் முதலில் போனைத்தான் எடுத்தார். யாருடனோ பேசினார். நீளமாக இல்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான் இருக்கும். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சிகரெட்டைப் பற்றவைத்தார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு முதல் புகையை விட்டார்.

சின்னவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு அறைக்கு வெளியே வராந்தாவுக்கு ஓடினாள். அக்கா உடனே எடுத்தாள்.

"அக்கா, அத்தான் கூப்பிட்டாரா?"

"இப்பதான்டி வச்சாரு." அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "விசித்திரமா ஒண்ணு கேட்டாரு. நம்ம சமையலறை ஜன்னல்லருந்து பாத்தா பின்படிக்கட்டு தெரியுமான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"அங்கருந்து தெரியாதுன்னேன். சட்டுனு வந்துடுச்சு. நான் படுக்கையறையில இருந்தேன்டி. போய்ப் பாக்கவே இல்ல." அக்கா மூச்சு விடுவது கேட்டது. "ஒண்ணும் பாக்காதவளா இருந்தா என்ன சொல்லியிருப்பேன்? இருங்க, போய்ப் பாத்துட்டு வரேன்னுதானே சொல்லியிருப்பேன்? எதுக்குக் கேக்கறீங்கன்னாவது கேட்டிருப்பேன்ல?"

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் என்ன சொன்னாரு?"

"சரிம்மான்னாரு. அவ்வளவுதான்." பிறகு அக்கா மிக மெதுவாகக் கேட்டாள். "எழுதிட்டியாடி?"

பெயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், ஆணைப் பெண்ணாக்கினேன், மறக்கிற மென்பொருளாகப் பார்த்துத் தேடினேன் என்று ஆயிரம் சமாதானங்கள் தொண்டை வரை வந்தன.

"ஆமாக்கா" என்றாள்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அக்கா, கேளு. இப்பவே கிளம்பு. துணி எடுக்காத, கதவைக்கூடப் பூட்டாத. செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கு. முன்வாசல் வழியா போ. பெரிய ரோட்டுக்குப் போய் எதுல இடம் கிடைக்குதோ ஏறு. என் வீட்டுக்கு வராத, அது அவருக்குத் தெரியும். எங்க போறேன்னு எனக்குக்கூடச் சொல்லாத."

"நீ?"

"நான் பாத்துக்கறேன். அவரை இங்கயே நிறுத்தி வைக்கறேன். போக்கா."

வைத்துவிட்டுத் திரும்பினாள். அத்தான் வராந்தாவின் முனையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சிகரெட்டை முழுதாகக் குடித்து முடித்திருந்தார். அணைத்த துண்டு விரல்களுக்கிடையே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அக்காகிட்ட பேசினியா?"

"ஆமா அத்தான். சும்மாதான்."

"வீட்டுக்குப் போலாம் வா. என்கூடவே வந்துடு. உன் கம்ப்யூட்டரையும் எடுத்துக்க. அக்காவும் கதையைக் கேக்கட்டும். நீ படி, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து கேக்கறோம்."

முடியாது என்றால் அவர் தனியாகப் போவார். தனியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார். அக்கா இந்நேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். சின்னவள் உள்ளே போனாள். தன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள். மின்கம்பியைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். தண்ணீர் குடித்தாள். என்ன முடிவு ரைட்டர், பணம் போடுவாரா மாட்டாரா என்று அவசரம் காதோரம் நச்சரித்ததற்கு, வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். அத்தான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.

மின்தூக்கிக்கு முன்னால் அவள் போய் நின்றாள். அத்தான் அதைக் கடந்து போய், பக்கத்திலிருந்த கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே சிமெண்டுப் படிக்கட்டு கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. யாரோ கழுவிவிட்டிருந்தார்கள், படிகளில் ஈரம் மினுங்கியது.

"லிஃப்ட் வர நேரமாகும். படியில போலாம்" என்றார். "நீ முன்னாடி போ சின்னு."

ஒவ்வொரு படியாக அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் அக்காவுக்கு ஒவ்வோர் அடியாகும் என்று நினைத்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இரும்புக் கைப்பிடியை இறுகப் பற்றி, முதல் படியில் காலை வைத்தாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

"மெதுவாவே இறங்கு" என்றார் அத்தான், அவள் தலைக்கு மேலிருந்து. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."